செட்டாப் பாக்ஸ் கபோர்டுக்குள்ளே, ரிமோட் உங்கள் கையிலே!

டிவியைச் சுவரில் மாட்டியாச்சு. செட்டாப் பாக்ஸ் கீழே கபோர்டுக்குள் போயாச்சு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேனல் மாற்ற ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் கதவைத் திறக்கிறீர்களா?

ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது, மரக்கதவையும் தாண்டாது. அந்த ஒளியை வெளியே வாங்கி, ஒயர் வழியாக உள்ளே கொண்டுபோய், மறுபடி ஒளியாகவே காட்டும் கருவிதான் ஐஆர் ரிப்பீட்டர். அரசு கேபிள் பாக்ஸோ, டிடிஎச் பாக்ஸோ, முறை ஒன்றுதான்.

வாங்கும் முன் உங்கள் மொபைலிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கேமராவை ஆன் செய்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் மினுக்கினால் அது ஐஆர் ரிமோட். பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல போன்களின் பின் கேமராவில் இந்த ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும். புது பேட்டரி போட்டும் எதிலுமே தெரியவில்லையா? அது புளூடூத் ரிமோட்டாக இருக்கலாம். அதற்கு ரிப்பீட்டரே வேண்டாம், பணம் மிச்சம்!

செட்டில் மூன்று பாகங்கள் இருக்கும். ரிசீவர் எனும் 'கண்' டிவிக்குக் கீழே, வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி, பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடும். அதிலிருந்து வரும் எமிட்டரை செட்டாப் பாக்ஸின் முகப்பில் ஒட்ட வேண்டும். எந்த இடத்தில்? கறுப்புக் கண்ணாடி போன்ற பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சின்னக் குமிழ் தெரியும். அதன் மேலேதான்.

ரிசீவருக்கு மூன்று கம்பி, எமிட்டருக்கு இரண்டு. கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு செட்டின் ரிசீவரை இன்னொரு செட்டின் பெட்டியில் செருக வேண்டாம்.

முக்கியமான விஷயம் இனிதான். "கரண்ட் ஒயர் போற பைப்லயே இதையும் விட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மெல்லிய ஒயர் 230 வோல்ட்டைத் தாங்காது. உள்ளே எலி கடித்தோ சூட்டில் உருகியோ இரண்டும் ஒட்டினால், ஷாக் நீங்கள் தொடும் 'கண்' வரைக்கும் வரும். தனி பைப், இல்லாவிட்டால் சுவர்மேல் தனி கேசிங் போடச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு பட்டனை அழுத்தாமலே ரிசீவர் விளக்கு மினுக்கினால், வெயிலோ டிவி வெளிச்சமோ அதன்மேல் படுகிறது என்று அர்த்தம். சற்றுத் தள்ளி ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எமிட்டரின் ஒளி கதவு இடுக்கு வழியாகத் திரும்ப ரிசீவரில் பட்டாலும் தகராறுதான்.

செட்டாப் பாக்ஸைத் திறக்கவே வேண்டியதில்லை. ஆனால் கதவு மூடியே இருந்தால் அது சூடாகும். ஒயருக்குத் துளை போடும்போதே, பின்பலகையில் காற்று போக இரண்டு துளை சேர்த்துப் போடச் சொல்லிவிடுங்கள்.