பிரேக்கை மிதிக்கும் முன்பே ஓடிவிடும் 25 மீட்டர்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளமும் கழியும் கண்ணில் பட்டதும், கால் தானாகவே ஆக்சிலேட்டரை அழுத்தும். காரின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த நேரம் பார்த்து, ஓரமாக நின்ற மாடு ஒன்று சாலையில் இறங்குகிறது. ‘உடனே பிரேக் போட்டேன்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்த ‘உடனே’ எவ்வளவு நீளம் தெரியுமா?

மாட்டின் உருவம் விழித்திரையில் விழுகிறது. அது மாடுதான் என்று மூளை அடையாளம் காண வேண்டும். நிற்குமா, நடக்குமா என்று கணிக்க வேண்டும். பிரேக் போடுவதா, ஒதுங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். அப்புறம்தான் காலுக்குக் கட்டளை. அது நரம்பு வழியே நொடிக்குச் சுமார் 50 மீட்டர் பாய்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நம் காரைவிட மூன்று மடங்கு வேகம்! தலையிலிருந்து பாதத்துக்கு வந்து சேர, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு போதும். நேரத்தைத் தின்பது மூளையின் யோசனைதான். கால் பிரேக்குக்கு மாறுவதையும் சேர்த்தால், எதிர்பாராத தடைக்குச் சுமார் ஒன்றரை நொடி ஆகிவிடும். கண் பார்ப்பதற்கும் கால் மிதிப்பதற்கும் இடைப்பட்ட இந்த அவகாசத்துக்கு ‘எதிர்வினை நேரம்’ என்று பெயர்.

அந்த ஒன்றரை நொடியில் கார் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டு மாநகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். அத்தனை தூரமும் வேகம் துளிகூடக் குறையாமல்!

பிரேக் பிடித்த பிறகு இன்னொரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டால் 40-ல் 9 மீட்டர், 60-ல் 20 மீட்டர், 80-ல் 36 மீட்டர்.

மாடு 27 மீட்டர் தள்ளி இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 40-ல் வந்தவர் 26 மீட்டரில் மாட்டின் மூக்கருகே நின்றுவிடுவார். 60-ல் வந்தவருக்கு அங்கே பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும். ஏறத்தாழ அதே வேகத்தில் மோதுவார். நான்கைந்து மாடி உயரத்திலிருந்து தரையில் விழும் வேகம் அது. எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு உடல் பதறுகிறது.

சாலை போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிகள் எதிர்வினைக்கு இரண்டரை நொடி ஒதுக்குகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர், 100-க்கு 180 மீட்டர் தொலைவு ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். வளைவையும் மேட்டையும் அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். ஆனால் முன்னால் போகும் லாரியை ஒட்டிக்கொண்டு போனால் அந்த ஏற்பாடெல்லாம் வீண்.

அடுத்த முறை பழைய மகாபலிபுரம் சாலையில் போகும்போது, முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் மனதுக்குள் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், காலைச் சற்றுத் தளர்த்துங்கள். மழை நாளில் ஆயிரத்து நான்கு வரை எண்ணுங்கள்.