ஃப்ளூவுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் சென்னையில் எந்தத் தெருமுனை கிளினிக்கிலும் ஒரே காட்சிதான். சொட்டும் குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெரியவர்கள் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவின் தோளில் சுருண்டு கிடக்கும் குழந்தை இருமி இருமி அழும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "வைரல் ஃபீவர்தாம்மா, நாலு நாள்ல சரியாயிடும்" என்பார். பாரசிட்டமால், கஞ்சி, வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயம். எந்த வைரஸ் வந்து போனது என்று யாருக்கும் தெரியாமலே அந்த வாரம் கழிந்துவிடும்.

அந்தப் பெயர் தெரியாத காய்ச்சல்களில் இன்ஃப்ளூயன்சாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒவ்வோர் ஊரிலும் அது தனக்கென்று ஒரு காலத்தை வைத்திருக்கிறது. 2009 முதல் 2013 வரை இந்தியாவின் பல நகரங்களில் சளி மாதிரிகளைச் சேகரித்துச் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, லக்னோ, கொல்கத்தா, புனே, ஆலப்புழை போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். குளிர்நாட்டில் பனியோடு வருகிற நோய், நம் பக்கம் மழையோடு வருகிறது. தமிழ்நாட்டுக்கு மழை தாமதமாக வருவதால் ஃப்ளூவும் தாமதமாக வருகிறது.

ஆனால் தடுப்பூசி உலகத்தின் நாட்காட்டியில் இரண்டே பக்கங்கள்தான். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் கூடி வடகோளத்துக் குளிர்காலத்துக்கான ஊசியில் எந்தெந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. செப்டம்பரில் கூடித் தென்கோளத்துக்குச் சொல்கிறது. வரைபடத்தில் நாம் வடகோளம். நம் காய்ச்சலோ லண்டனோடும் சேராது, சிட்னியோடும் முழுதாகச் சேராது.

இப்படி ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்களை 2020-இல் கொரோனா ஒரே அடியில் நிறுத்தியது. இந்தியாவில் பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைக்கும் எச்1என்1 காய்ச்சல் 2019-இல் 28,798 பேருக்கு உறுதியானது. 1,218 பேர் இறந்தார்கள். 2021-இல் உறுதியானது 778 பேருக்கு. இறந்தவர்கள் 12 பேர். ஆய்வகங்கள் எல்லாம் கொரோனாவிலேயே மூழ்கியிருந்தன, அதனால் ஃப்ளூ கணக்கில் விடுபட்டிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓரளவு விடுபட்டும் இருக்கும். ஆனால் ஃப்ளூ பரிசோதனையைக் கைவிடாத ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2019-இல் அங்கே பதிவானவை 3 லட்சத்துக்கும் அதிகம். 2021 முழுவதிலும் ஆயிரம்கூட இல்லை. ஃப்ளூவால் ஒரு மரணமும் பதிவாகவில்லை. அமெரிக்காவில் முந்தைய பருவத்தில் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஃப்ளூவுக்குப் பலியாகியிருந்தார்கள். 2020-21 பருவத்தில் பலியானது ஒரே ஒரு குழந்தை.

முகக்கவசம், பூட்டிய பள்ளிக்கூடங்கள், பறக்காத விமானங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. கொரோனாவை அவற்றால் மட்டுப்படுத்தத்தான் முடிந்தது. அதைவிட மெதுவாகப் பரவும் ஃப்ளூவோ மூச்சுத் திணறி விழுந்தது. ஒரு நாட்டில் பருவம் முடிந்ததும் அடுத்த நாட்டுக்கு விமானமேறிப் பிழைக்கிற வைரஸ் அது. வழி அடைபட்டதும் பல நாடுகளில் சுவடு தெரியாமல் போனது.

அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகள் ஃப்ளூ எங்கே ஒளிந்திருந்தது? வைரஸ்களின் மரபணு வரிசைகளையும் விமானப் பயணக் கணக்குகளையும் ஒப்பிட்டு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பதில் தந்தது. ஏ வகை இன்ஃப்ளூயன்சாவின் வம்சம் அறுந்துபோகாமல் தொடர்வதில் தெற்காசியாவுக்கு முக்கியப் பங்கு இருந்திருக்கிறது. பி வகையின் விக்டோரியா கிளை மேற்காசியாவில் தங்கியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சற்றே நடுக்கமாக இருந்தது. உலகமே ஃப்ளூ ஒழிந்தது என்று நினைத்த நாட்களில், அது நம் பக்கத்து வீதிகளில், "வைரல் ஃபீவர்தாம்மா" என்ற சீட்டுகளுக்குப் பின்னால் உலவிக்கொண்டிருந்திருக்கிறது.

பெருந்தொற்று வந்தால் பழைய ஃப்ளூ தன் இடத்தை இழப்பது புதிதல்ல. 1957-இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்ததே நம் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். மே மாதம், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு. அப்போது நாட்டின் இன்ஃப்ளூயன்சா மையம் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் இருந்தது. புதிதாக வந்த எச்2என்2, அதுவரை இருந்த எச்1என்1-ஐத் துரத்தியது. 1968-இல் எச்3என்2 வந்து எச்2என்2-ஐத் துரத்தியது. 1977-இல் திரும்பி வந்த பழைய எச்1என்1-ஐ 2009-இன் புதிய எச்1என்1 விரட்டிவிட்டு அமர்ந்தது. இதெல்லாம் ஃப்ளூவை ஃப்ளூ விரட்டிய கதை. 2020-இல் நடந்ததுதான் விசித்திரம். வேறொரு குடும்பத்து வைரஸ் வந்த நேரத்தில் ஃப்ளூவின் ஒரு கிளையே மறைந்தது. பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம், இனி அதை ஊசியில் சேர்க்கத் தேவையில்லை என்றது. நான்கு வைரஸ்களுக்கான ஊசி மீண்டும் மூன்றுக்கானதாக மாறிவருகிறது.

மற்றவை திரும்பிவிட்டன, அதுவும் காலம் தப்பி. ஆஸ்திரேலியா எல்லையைத் திறந்த 2022-இல் ஃப்ளூ வழக்கத்துக்கு முன்பே எகிறி, 2 லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவில் அதே ஆண்டு எச்1என்1-க்கு 410 பேர் இறந்தார்கள். 2023 மார்ச்சில், மழையே இல்லாத மாசி வெயிலில், எச்3என்2 பரவித் தமிழ்நாடு முழுவதும் காய்ச்சல் முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் ஃப்ளூவையே சந்திக்காத உடம்புகள், பிறந்தது முதல் அதை அறியாத குழந்தைகள். பரவ இடம் தாராளமாகக் கிடைத்தது. அதன் பிறகு விமானப் போக்குவரத்து பழையபடி ஆனது. ஊர் விட்டு ஊர் செல்லும் வைரஸின் வேகமும் பழையபடி ஆகிவிட்டது.

இவ்வளவையும் நமக்குச் சொன்னது ஒரு சின்னக் குச்சி. மூக்கின் உள்ளே ஆழமாக விட்டுச் சுழற்றி எடுப்பார்கள். கண்ணில் நீர் முட்டும். இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் அதை அமிழ்த்தி, குறியிட்ட இடத்தில் 'டக்' என்று ஒடித்து மூடி, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். குளிர் விட்டால் மாதிரி வீண். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற ஆய்வகங்களுக்கு அந்தப் பெட்டிகள் ஆண்டு முழுக்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பரபரப்பு வரும்போது ஆயிரம் எடுப்பதும் அடங்கியதும் மறப்பதும் கண்காணிப்பு ஆகாது. வைரஸ் தங்கிப் பிழைத்த பூமியில் இருக்கும் நமக்கு இந்தப் பொறுப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

ஃப்ளூ ஊசி நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரிடம் போட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் தமிழக அரசு இதை இலவசமாகத் தர வேண்டும்; அதையும் நம் மழைக்கு முன்பாகத் தர வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். உங்கள் வீட்டில் வயதான அப்பா, அம்மா இருந்தால், புரட்டாசி பிறந்ததும் அவர்களின் டாக்டரிடம் ஃப்ளூ ஊசி பற்றிக் கேளுங்கள்.