கைகூப்பினால் விரல்கள் சேரவில்லையா? அழுங்குக்குக் கவசம்... மனிதனுக்கு நோய்!

மங்களூர் என்றதும் கர்நாடகக் கடற்கரை நினைவுக்கு வந்தால், அது வேறு மங்களூர். இது கடலூர் மாவட்டத்து மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி பூமி. இங்கிருந்து கிழக்கே போனால் விருத்தாசலம். தீபாவளிக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, வீட்டு மெயின் போர்டுக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை என்று செராமிக்கால் பெயர் வாங்கிய ஊர். செராமிக் படிப்புக்கென்றே ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் அங்கே உண்டு.

மண்ணைத் தொட்டு வேலை செய்கிற கைகளைப் பார்த்தாலே தெரியும். உள்ளங்கையில் காய்ப்பு, விரல் ஓரத்தில் தடிப்பு. மண்வெட்டி பிடிப்பவருக்கும் அதே காய்ப்புதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப உரசல் படுகிற இடத்தில், தோலின் மேல் அடுக்கு கெரட்டின் என்ற புரதத்தைக் கூடுதலாக அடுக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆறு மாதம் வேலையை விட்டால் காய்ப்பும் கரைந்துவிடும்.

ஆனால், தோல் கெட்டியாவதில் இன்னொரு வகை இருக்கிறது. அது உரசலால் வருவதில்லை. வேலையை விட்டாலும் தானாகப் போவதில்லை. மண் வேலை, கல் வேலை செய்பவர்கள் அதைக் காய்ப்பு என்றே நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

அழுங்கும் காண்டாமிருகமும்

விலங்குகளுக்குக் கெட்டித் தோல் ஒரு சொத்து. நம் ஊர்க் காடுகளில் இருக்கும் அழுங்கையே எடுத்துக்கொள்ளலாம். எறும்புத்தின்னி என்றால் பலருக்குப் புரியும். ஆபத்து வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அப்புறம் சிறுத்தையாலும் எளிதில் பிரிக்க முடியாது. அதன் செதில்கள் நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ, அதே கெரட்டினால் ஆனவை. அந்தச் செதிலை மருந்து என்று நம்பி வாங்குகிறவர்கள் தங்கள் நகத்தையே வெட்டிச் சாப்பிடலாம், செலவாவது மிச்சம். அழுங்கைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடும் குற்றம்.

முதலையின் கதை வேறு. அதன் முதுகுத் தோலுக்குள் சிறு சிறு எலும்புத் தகடுகளே பதிந்திருக்கின்றன. காண்டாமிருகத்திடம் செதிலும் இல்லை, தகடும் இல்லை. தோலின் அடி அடுக்கில் இருக்கும் கொலாஜன் நார்கள் கயிற்றுக்கட்டில் பின்னுவதுபோல நெருக்கமாகப் பின்னிக்கொண்டு கவசமாகிவிட்டன.

இந்த மூன்றிலும் ஒரு பொது ஏற்பாடு உண்டு. அடி விழும் இடத்தில் கெட்டி, மடங்கும் இடத்தில் மெல்லிசு. அழுங்கின் செதில்கள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று நழுவும். வயிற்றுப் பக்கம் செதிலே கிடையாது. இந்தியக் காண்டாமிருகத்தின் தோல், மடிப்பு மடிப்பாக இருப்பதால்தான் அது ஓட முடிகிறது.

மனிதனுக்கு வரும் நோயில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. எந்த இடம் அதிகம் அசைய வேண்டுமோ, அங்கேதான் முதலில் இறுகுகிறது. விரல், முகம், வாய்.

தோல் இறுக்க நோய்

மருத்துவர்கள் இதை ஸ்கிளீரோடெர்மா என்கிறார்கள். கிரேக்க மொழியில் 'கெட்டித் தோல்' என்றே பொருள். காண்டாமிருகத்துக்குக் கவசமாகும் அதே கொலாஜன், இங்கே அளவில்லாமல் உற்பத்தியாகித் தோலை உள்ளிருந்து இறுக்குகிறது. நம் நோய் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. தொற்று நோய் அல்ல. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது.

1753-ம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ குர்சியோ, உடல் முழுக்கத் தோல் கெட்டியாகி வாயைத் திறக்கவே சிரமப்பட்ட 17 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். ஆரம்பகாலப் பதிவுகளில் பிரபலமானது அதுதான். ஓவியர் பால் கிளேவின் கதை இன்னும் நெருக்கமானது. 1935-ல் நோயில் விழுந்தார், 1940-ல் இறந்தார். அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்பது பின்னாளைய மருத்துவர்களின் முடிவு. இடையில் 1939 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகளை முடித்திருந்தார்.

பொதுவாகத் தோல் இறுகுவதற்கு முன்பே ரத்தக் குழாய்கள் சிக்னல் கொடுத்துவிடும். மார்கழிப் பனியிலோ, ஃப்ரிட்ஜ் தண்ணீரில் கை வைத்தாலோ விரல் நுனி வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும். இதற்கு 'ரேனாட்' என்று பெயர். எல்லா ரேனாடும் இந்த நோயாக மாறிவிடாது. ஆனால், நடுத்தர வயதில் புதிதாக வந்தால் சும்மா விடக் கூடாது.

இந்த 'ரத்தக் குழாய் முதலில்' என்ற உண்மையைப் புரிந்துகொள்ள ஒரு கோழியும் உதவியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் வளர்க்கப்பட்ட ஒரு வெள்ளை லெகார்ன் வம்சத்தில், பொரித்த சில வாரங்களிலேயே குஞ்சின் கொண்டை சிவந்து வீங்கும். பிறகு கருத்து உதிரும். அடுத்து தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும். சோதித்துப் பார்த்தபோது, சிறு ரத்தக் குழாய்களின் உள்சுவர் செல்கள்தான் முதலில் சாகின்றன என்பது தெரிந்தது.

மனிதர்களில் அடுத்த கட்டம், விரல்கள் உப்பிக்கொண்டு மோதிரம் கழலாமல் போவது. பிறகு விரல் மேல் தோலைக் கிள்ளி மடிக்க முடியாது. பளபளவென்று இருக்கும். வணக்கம் சொல்லக் கைகூப்பினால் இரண்டு உள்ளங்கையும் விரல்களும் தட்டையாகச் சேராது. நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் கை இப்படி ஆகலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

தொழுநோயோ என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. தொழுநோயில் உணர்ச்சி மரத்துப்போகும். இதில் அப்படி இல்லை. வலியும் சூடும் தெரியும். தவிர, தொழுநோயும் மாத்திரையில் முழுதாகக் குணமாகிற நோய்தான். இரண்டையுமே மறைக்க வேண்டியதில்லை.

தோல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நுரையீரல், உணவுக்குழாய், சிறுநீரகம் வரை இந்த இறுக்கம் போகும். நெஞ்செரிச்சல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல் எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

தூசிக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

செராமிக் ஊருக்கு இது முக்கியமான கேள்வி. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்... பீங்கானின் மூலப்பொருள்கள் இவைதான். இவற்றில் இருக்கும் படிக சிலிக்கா, மண் ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்ததும்தான் வம்பு. அச்சிலிருந்து எடுத்து உலர்ந்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கிறதே, அந்தத் தூள். தரையில் சிந்திக் காய்ந்ததை விளக்குமாறால் கூட்டும்போது எழும் தூள். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள்தான் நுரையீரலின் அடி வரை போகின்றன.

அங்கே காவல் காக்கும் செல்கள் அதை விழுங்கும். ஜீரணிக்க முடியாமல் செத்துப்போகும். சாகும்போது அவை கொட்டும் ரசாயனங்கள் நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அதுதான் சிலிகோசிஸ். இங்கிலாந்தின் பீங்கான் ஊர்களில் இதற்கு 'குயவர் நோய்' என்ற பொருளில் ஒரு பட்டப் பெயரே இருந்தது. அங்கே சூளையில் பீங்கானை அடுக்கப் பயன்படுத்திய சிலிக்காத் தூளைப் பிறகு அலுமினாவாக மாற்றினார்கள்.

சிலருக்கு விஷயம் நுரையீரலோடு நிற்பதில்லை; எதிர்ப்பு சக்தி மொத்தமும் தடம் மாறிவிடுகிறது. 1914-ல் எடின்பரோ மருத்துவர் பிராம்வெல், தோல் இறுகிய ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் ஐந்து பேர் கல் தச்சர்கள். 1957-ல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதையே கண்டு எழுதினார் எராஸ்மஸ். அதனால், சிலிக்கா தூசியில் இருந்தவருக்குத் தோல் இறுகினால் 'எராஸ்மஸ் நோய்க்குறி' என்கிறார்கள். இந்தியாவிலும் கல் உடைப்பவர்கள், கல் செதுக்குபவர்களிடம் இது கண்டறியப்பட்டு மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. மொத்தத்தில் இந்த நோய் பெண்களுக்கே அதிகம். தூசியால் வரும் வகையில் ஆண்கள் கணக்கு ஏறுகிறது. காரணம் வேலைதான், உடல் அல்ல. பிசிறு நீக்கும் வேலையைப் பெண்கள் செய்யும் இடத்தில் தூசி அவர்களுக்குச் சலுகை தராது.

தூசியில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது வராது. வருவது மிகச் சிலருக்கே. ஆனால், அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. முகத்தில் கட்டும் துண்டும் துப்பட்டாவும் இந்த நுண்துகளைத் தடுக்காது; என்95 போன்ற மாஸ்க் வேண்டும். அதைவிட நல்லது, தூசியே எழாமல் பார்த்துக்கொள்வது. ஈர ஸ்பாஞ்சால் பிசிறு துடைப்பது, கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது, வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காமல் இருப்பது. இதில் பாதி, முதலாளி செலவு செய்ய வேண்டிய விஷயம். சிலிகோசிஸ், 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லும் தொழில் நோயாக இடம்பெற்றது.

எங்கே காட்டுவது?

வாதநோய் மருத்துவர், அதாவது ருமட்டாலஜிஸ்ட். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. கடலூர் பக்கத்தினருக்குப் புதுச்சேரி ஜிப்மரின் நோய் எதிர்ப்பியல் பிரிவு அருகில். ரத்தத்தில் ஏ.என்.ஏ. பரிசோதனை, நகக்கண்ணின் நுண்குழாய்களை லென்ஸில் பார்ப்பது, நெஞ்சு சி.டி. ஸ்கேன், நுரையீரல் ஊதும் பரிசோதனை ஆகியவற்றை வைத்து முடிவு செய்வார்கள்.

முழுக் குணம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால், கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த நோயில் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகி இறப்பதே அதிகம். ரத்த அழுத்தத்துக்கான ஏ.சி.இ. வகை மாத்திரைகள் வந்த பிறகு அந்த நிலை மாறியது. நுரையீரல் இறுக்கத்தின் வேகத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு. மெடிக்கல் ஷாப்பில் தானாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவதுதான் கூடவே கூடாது; அதிக டோஸ் ஸ்டீராய்டு இந்த நோயில் சிறுநீரகத்தைக் கவிழ்த்துவிடக்கூடும்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் வலியைச் சொல்கிற நாம், வேலையைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அவரும் அவசரத்தில் கேட்காமல் போகலாம். பத்து வருடத்துக்கு முன் விட்ட வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள். களிமண் அரைத்தீர்களா, பொம்மைக்கு உப்புத்தாள் போட்டீர்களா, கிரஷரில் இருந்தீர்களா, எத்தனை வருடம்.