தையல் பிரித்தாயிற்று, உள்காயம் ஆறிவிட்டதா?



கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி பெண்கள் பலருக்கும் வருவதுதான். இது அநேகமாகப் புற்றுநோய் அல்ல. உதிரப்போக்கும் வலியும் அதிகமாகி, மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால், டாக்டர் கட்டியை மட்டும் எடுப்பார்; அல்லது கர்ப்பப்பையையே எடுப்பார். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபின் கவனிக்க வேண்டியதை இங்கே சொல்கிறோம்.

"தையல் பிரிச்சாச்சே, இன்னும் என்ன ஓய்வு?" என்று வீட்டில் கேட்பதுண்டு. மனைவியும் வலியை வெளியே சொல்லாமல் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வார். இதுதான் ஆபத்து. புதுச் சுவர் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறதல்லவா? அதுபோல மேல்தோல் சீக்கிரம் கூடிவிடும். உள்ளே தசையும் தையலும் உறுதிப்பட 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் பளு தூக்கினால் உதிரம் படலாம். பின்னாளில் குடலிறக்கமும் வரலாம். சிறு துளை வழியாக ஆபரேஷன் செய்தவர்கள் சற்று முன்னதாகத் தேறுவார்கள். ஆனாலும் எப்போது பளு தூக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

பயப்பட வேண்டாதவை

சில வாரங்களுக்கு லேசான பழுப்புக் கசிவு, அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தல், வாயு, மலச்சிக்கல், கொஞ்ச வேலைக்கே அசதி ஆகியவை சகஜம். தழும்பைச் சுற்றி மரத்துப்போவதும் அரிப்பும் பல மாதம்கூட இருக்கலாம். ஆனால் தொந்தரவு வரவரக் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பொறுத்திருக்கக் கூடாதவை

1. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது சிவந்த வீக்கம்.
2. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனையும் அளவு உதிரம், துர்நாற்றமுள்ள கசிவு.
3. சிறுநீர் எரிச்சல், சிறுநீர் வராமை அல்லது தன்னையறியாமல் ஒழுகுதல்.
4. விடாத வாந்தி, வயிறு உப்புசம்.
5. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி.

இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ அதிக உதிரமோ இருந்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

கணவன்மார்களுக்கு

தண்ணீர் நிறைந்த குடம் பத்து கிலோவுக்குக் குறையாது. தண்ணீர், விறகு, நெல் மூட்டை, களையெடுப்பு எல்லாம் இந்த நாட்களில் உங்கள் பொறுப்பு. அதற்காக அவரைப் படுக்கையிலேயே வைக்காதீர்கள். தினமும் வீட்டைச் சுற்றி மெல்ல நடந்தால்தான் காலில் இரத்தம் உறையாது. தாம்பத்திய உறவு 6 வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, மனைவியும் மனம் ஒப்பினால் மட்டுமே.

சாப்பாடு

"தண்ணி குடிச்சா புண்ணு சீழ் பிடிக்கும்" என்பது வெறும் பேச்சு. தண்ணீரும் கீரை, பழங்களும் மலச்சிக்கலைத் தடுக்கும். பருப்பும் முட்டையும் புண் ஆற உதவும். உதிரம் போய்ச் சோகை பிடித்தவர்கள் டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். அதோடு காபி, டீ வேண்டாம். மலம் கறுத்துப் போனால் பயப்படாதீர்கள். அது மாத்திரையால் வருவது.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், குழந்தை பிறக்காது. ஆனால் பெண்மை போய்விடாது, தாம்பத்தியமும் முடிந்துவிடாது. சினைப்பைகளையும் எடுத்திருந்தால் உடம்பு திடீரென்று சூடாகி வியர்க்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு மறுபடி கட்டி வரலாம், கர்ப்பமும் தரிக்கலாம். எத்தனை மாதம் தள்ளிப்போட வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பமானால் ஆபரேஷன் நடந்ததை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள்.

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். சொன்ன தேதியில் இருவருமாகப் போய்க் காட்டுங்கள். சந்தேகம் எதுவானாலும் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். வலியை மறைப்பது பொறுமை அல்ல. சொன்னால்தான் வைத்தியம் பார்க்க முடியும்.