ரூபி நிரல்களில் வரிசையைப் பகுத்தெடுத்தல்

ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்ட ரூபி என்னும் கணிப்பொறி மொழியில், வரிசையின் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்கும் முறைகள் பல. பழைய நிரல்களைத் திருத்துவோர் இவற்றில் மயங்குவதுண்டு.

மும்பை ஹார்பர் இரயில் பாதையின் ஆறு நிலையங்களை ஒரு வரிசையாகக் கொள்வோம்: வடாலா ரோடு, குரு தேக் பகதூர் நகர், சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் சுனாபட்டியின் எண் 2 ஆகும். [2, 3] எனின் அதிலிருந்து மூன்று நிலையங்கள் கிடைக்கும். [2..3] எனின் 2 முதல் 3 முடிய இரண்டே நிலையங்கள். [2...3] எனப் புள்ளி மூன்றாயின் இறுதி எண் நீங்கும், சுனாபட்டி மட்டுமே எஞ்சும்.

[2..-1] என்பதில் -1 கடைசி உறுப்பைக் குறிக்கும். 2018-இல் வெளிவந்த 2.6-ஆம் பதிப்பு முதல் இதனை [2..] எனச் சுருக்கலாம்; பொருள் மாறாது. முதல் இரண்டு உறுப்புகளை விலக்கும் ‘டிராப்’ கட்டளையும் இங்கு அதே விடையைத் தரும்.

ஆனால் வரிசையில் ஒரே நிலையம் இருப்பின், முன்னவை ‘நில்’ எனும் இன்மைக் குறியையும், டிராப் வெற்று வரிசையையும் தரும். அவ்வின்மையைக் கண்டே எச்சரிக்கை எழுப்பும் பழைய நிரலில் டிராப்பைப் புகுத்தினால், எச்சரிக்கை எழாது; பிழையும் புலப்படாது. ஆகவே, சுருக்கிய நிரலைக் குறுகிய வரிசையிலும் சோதித்தறிதல் இன்றியமையாதது.