ஒரே நீர், ஒரே மருந்து – ஆண் மீனுக்கு ஒன்று, பெண் மீனுக்கு வேறொன்று

ஹார்மோன்கள் மிகக் குறைந்த அளவில் சுரந்து பெரிய விளைவை உண்டாக்குபவை என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ‘மிகக் குறைந்த அளவு’ என்றால் எவ்வளவு? இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு மீன்.

மருந்து நீரை அடையும் வழி

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலில் சிதைவதில்லை. ஒரு பகுதி சிறுநீர், மலம் வழியாகக் கழிவுநீரில் கலக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்து மூலக்கூறுகளை நீக்குவதற்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆற்று நீரில் வலிநிவாரணி மருந்துகள் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். தட்டாஞ்சாவடியில் நம் வீட்டுக் கழிவறையிலிருந்து செல்லும் நீருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

ஓர் ஏரியில் நடந்த சோதனை

கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோன் எத்தினைல் ஈஸ்ட்ரடையால். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் இதைக் கலந்தனர். நீரில் இருந்த அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். மாணவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: நம் மாலா-டி மாத்திரை ஒன்றில் இந்த ஹார்மோன் 30 மைக்ரோகிராம் உள்ளது. ஆயிரம் லிட்டர் மொட்டைமாடித் தொட்டிகள் ஆறில் ஒரே மாத்திரையைக் கரைத்தால் கிடைப்பது 5 நானோகிராம்.

அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் ஏறத்தாழ அழிந்தே போனது. அதை இரையாகக் கொண்ட ட்ரவுட் மீன்களும் குறைந்தன. மருந்து கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் சிறுமீன்கள் மீண்டும் பெருகின.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறுபாடு?

பெண் மீனின் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல், முட்டைக் கருவுக்குத் தேவையான வைட்டெலோஜெனின் புரதத்தை உருவாக்குகிறது. இரத்தம் அதைச் சூலகத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு ஆண் மீனிடமும் உண்டு. அதை இயக்கும் அளவுக்கு ஹார்மோன் அதன் உடலில் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

நீரிலிருந்து வந்த ஹார்மோன் அந்த மரபணுவை இயக்கிவிடுகிறது. ஆண் மீனின் கல்லீரல் கருப் புரதத்தை உருவாக்குகிறது. அதை ஏற்கச் சூலகம் இல்லாததால் புரதம் சிறுநீரகத்தில் தேங்கிச் சேதம் விளைவிக்கிறது. விந்தகம் வளர்ச்சி குன்றுகிறது. சில ஆண் மீன்களின் விந்தகத்திலேயே முட்டைச் செல்கள் தோன்றுகின்றன. பெண் மீனுக்கும் பாதிப்பு உண்டு, ஆனால் அது வேறு விதம்: கருப் புரதம் அளவு மீறுகிறது, முட்டை முதிர்ச்சி தாமதமாகிறது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். அமெரிக்காவில் கால்நடைகளைக் கொழுக்கவைக்கப் பயன்படும் ட்ரென்போலோன் ஆண் ஹார்மோனைப் போலச் செயல்படுவது. ஆய்வகத்தில் அந்நீரில் வளர்ந்த பெண் மின்னோக்களின் தலையில், ஆண் மீன்களுக்கு மட்டுமே உரிய முண்டுகள் தோன்றின. அவை இட்ட முட்டைகளும் குறைந்தன.

வகுப்பறையில்

கொசுப்புழு ஒழிப்புக்காகத் தொட்டிகளில் விடப்படும் கம்பூசியா மீனை இதற்குப் பயன்படுத்தலாம். ஆணின் குதத் துடுப்பு குச்சி போல நீண்டிருக்கும். பெண் பெரியது, அதன் துடுப்பு விசிறி வடிவம். கண்ணாடிக் குடுவையில் வைத்து மாணவர்களே பிரித்தறிந்து, வரைந்து, எண்ணட்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த ஓடையில் பெண் கம்பூசியாவுக்கும் குச்சித் துடுப்பு வளர்ந்திருந்த செய்தி 1980இல் வெளியானது. அது மருந்தால் நேர்ந்ததன்று என்றாலும், துடுப்பைப் பார்த்தே நீரின் நிலையை ஐயுறலாம் என்பதைக் காட்டுகிறது. பார்த்து முடித்த மீன்களை ஏரி, குளங்களில் விட வேண்டாம். அவை உள்ளூர் மீன்களின் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

மீன் செத்து மிதந்தால்தான் நீர் கெட்டது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கனடா ஏரியில் மீன்கள் செத்து மிதக்கவில்லை. புதிய குஞ்சுகள் வராமல் போயின. ஆகவே ஒரு குளத்தைப் பார்க்கும்போது ‘மீன் இருக்கிறதா?’ என்பதோடு, ‘ஆண் எத்தனை, பெண் எத்தனை, குஞ்சுகள் உண்டா?’ என்றும் கேட்க அவர்களைப் பழக்குவோம்.