ஏவல்: மந்திரத்துக்கு உயிர் வந்தால்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்தும் விளையாட்டு. அதில் மந்திரம் என்பது பெரும்பாலும் பட்டாசு மாதிரி. வெடிக்கும், முடிந்துவிடும்.

2004-இல் கீத் பேக்கர் உருவாக்கிய எபெரான் உலகம் வந்தது. நூறு வருஷப் போரின் முடிவில் சயர் என்ற நாடே ஒரு நாளில் பாழாகிறது. அந்த மூடுபனிக்குள், போட்டவர் யாருமில்லாமல் மந்திரங்கள் தாமாகவே அலைகின்றன. 2019-இல் வந்த எபெரான் புத்தகத்தில் நெருப்பு, மின்னல், விஷப்புகை என்று மூன்று 'உயிருள்ள மந்திரங்கள்' இருக்கின்றன.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. பில்லி, சூனியம், ஏவல் என்று ஒரே மூச்சில் சொல்வோமே, அதில் ஏவல்தான் இது. இலக்கணத்தில் ஏவல் என்றால் கட்டளை: போ, வா, அடி. மாந்திரீகத்தில் அனுப்பிவைத்த வஸ்துவுக்கும் அதே பெயர். கட்டளையே எழுந்து நடக்கிறது. கமாண்ட் கொடுத்தவர் லாக்-அவுட் செய்து போன பிறகும் பின்னணியில் ஓடும் புரோகிராமுக்கு யூனிக்ஸில் 'டீமன்' என்றே பெயர்!

புராணத்திலும் உண்டு. தாருகாவனத்து முனிவர்கள் வேள்வி செய்து புலி, மான், பாம்பு, முயலகன் என்று ஒவ்வொன்றாகச் சிவன்மேல் ஏவுகிறார்கள். அவர் புலித்தோலை உடுத்துகிறார், மானைக் கையில் பிடிக்கிறார், பாம்பை அணிகிறார். அதே வேள்வியில் வந்த யானையை உரித்த கோலத்தை மயிலாடுதுறைப் பக்கம் வழுவூரில் பார்க்கலாம். நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகனும் தோற்றுப்போன ஒரு ஏவல்தான். பாகவதத்தில் வேறு முடிவு: காசியின் சுதட்சிணன் துவாரகைமேல் ஏவிய பூதம் திரும்பி வந்து அவனையே எரித்துவிடுகிறது.

இங்கேதான் முக்கியமான வித்தியாசம். எபெரான் மந்திரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. நம்ம ஏவலுக்கு எப்பவும் ஒருத்தர் உண்டு. தீராத வயிற்றுவலிக்கு ஏவல்தான் காரணம் என்று முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி 'யார் வச்சது?' விரல் பங்காளி வீட்டுப் பக்கம் நீளும். இல்லையென்றால் தனியாக இருக்கும் ஒரு கிழவியைக் காட்டும். சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதைத் தடுக்க பீகாரில் 1999-இலும் ஜார்கண்டில் 2001-இலும் சட்டமே போட வேண்டியிருந்தது.

எங்கள் மரக்காணத்தில் உப்பளத்துக் கல்லுப்பைக் கையில் எடுத்துத் திருஷ்டி சுற்றுவார்கள். ஊர், உறவு, போறவங்க, வர்றவங்க என்று எல்லார் கண்ணையும் மொத்தமாகச் சொல்லிவிட்டு, உப்பைத் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். அதனால் வலி போகுமா என்பது வேறு விஷயம். யார் வாசலிலும் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

உங்கள் விளையாட்டில் ஏவலைக் கொண்டுவர ஆசையா? ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: தவறான ஆளைக் கைகாட்டும் ஒவ்வொரு முறையும் அதன் பலம் இரண்டு மடங்காகும்.